ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் மருத்துவமனையும்: டெல்டா மாவட்டங்களுக்கான கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய திருச்சிப் பகுதியிலும் வாழும், ஆட்டிசம் உள்ள 18 வயது கடந்தவர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பத்தாருக்காகவும் இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. சில பதில்கள் மருத்துவர்களையும் செவிலியர்களையும் நோக்கி எழுதப்பட்டவை.

ஆட்டிசம் குழந்தைகளிடம் காணப்படும் நிலை என்றல்லவா கேள்விப்படுகிறோம்? பெரியவர்களைப் பற்றித் தனியாகப் பேசுவது ஏன்?

ஆட்டிசம் மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய, வாழ்நாள் முழுவதும் உடன் வரும் நிலை. வயது ஏறினால் அது மறைந்துவிடுவதில்லை. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உள்ளது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் நம் அரசு ஏற்பாடுகளில் பெரும்பகுதி சிறுவர்களை மனத்தில் கொண்டே அமைந்துள்ளது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பரிசோதனை நடத்தும் தேசியத் திட்டமும், அதன் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் 18 வயது வரைதான். அதற்குப் பிறகு அந்த இளைஞர், யாரும் அவரை அறியாத பொது வெளிநோயாளர் பிரிவின் வரிசைக்கு வந்து சேர்கிறார். நாற்பது, ஐம்பது வயதைத் தொட்டவர்களில் பலருக்கு ஆட்டிசம் உள்ளது என்று யாரும் சொன்னதே இல்லை. ஊரில் அவர்களைப் பிடிவாதக்காரர் என்றோ, யாரோடும் ஒட்டாதவர் என்றோ சொல்லி விட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் சர்க்கரை நோய் வருகிறது, ரத்த அழுத்தம் வருகிறது, பல் வலிக்கிறது.

மருத்துவமனைக்குப் போவதில் அப்படி என்ன சிரமம்?

சிரமம் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. தாமும் ஆட்டிசம் உள்ளவரான மேரி டொஹர்ட்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் 80 விழுக்காட்டினர் தங்கள் பொதுமருத்துவரைப் போய்ப் பார்ப்பது கடினம் என்றனர். மற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 37 விழுக்காடு. இந்த அறிகுறிக்கு மருத்துவரிடம் போக வேண்டுமா என்று முடிவு செய்வதே கடினம் என்று 72 விழுக்காட்டினரும், தொலைபேசியில் பேசி நேரம் வாங்குவது கடினம் என்று 62 விழுக்காட்டினரும் கூறினர். அந்த ஆய்வு நம் ஊரில் நடந்ததன்று. ஆயினும் வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ விடியற்காலையில் பேருந்து ஏறி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓபி சீட்டுக்கு நின்றிருக்கும் ஒருவரை நினைத்துப் பார்த்தால் அந்த எண்களின் பொருள் விளங்கும்.

ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவை மற்றவர்களை விட மிகுதியாகவோ, சிலருக்கு மிகக் குறைவாகவோ உறைக்கின்றன. மினுக்கும் டியூப் லைட்டும், ஃபினாயில் நெடியும், பெயர் சொல்லிக் கூப்பிடும் உரத்த குரலும், பின்னால் நிற்பவரின் உரசலும் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது, மருத்துவரின் முன் போய் அமர்வதற்குள்ளாகவே பேசும் திறன் முழுவதும் வடிந்துவிடக்கூடும். உள்ளே மருத்துவர் விரைவாகக் கேட்கிறார். கேள்வியைப் புரிந்துகொண்டு பதிலைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. கண்ணைப் பார்த்துப் பேசாததை அலட்சியம் என்றோ, முகத்தில் வேதனை தெரியாததை நோயின்மை என்றோ மருத்துவர் எடுத்துக்கொண்டால், சரியான மருந்துக்கான வழியே அடைபட்டுப் போகும். இவற்றிலெல்லாம் மிகப் பெரிய தடை எது என்று என்னைக் கேட்டால், எப்போது கூப்பிடுவார்கள், உள்ளே என்ன செய்வார்கள், எப்போது வீடு திரும்பலாம் என்ற மூன்றும் தெரியாமல் இருப்பதுதான் என்பேன். சத்தத்தைக் கூடச் சிலர் பொறுத்துக்கொள்கிறார்கள். அடுத்து நடக்கப்போவது தெரியாத நிலையைப் பொறுப்பது கடினம்.

போவதற்கு முன் நாங்கள் என்ன ஆயத்தம் செய்துகொள்ளலாம்?

ஒரே ஒரு தாள் எழுதுங்கள். பிரிட்டனில் இத்தகைய தாளை ‘மருத்துவமனைக் கடவுச்சீட்டு’ என்கிறார்கள். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்களும் ஆராய்ச்சியாளர்களும் இணைந்து நடத்தும் ‘ஆஸ்பயர்’ என்ற குழு, தமக்குத் தேவையான வசதிகளைக் குறித்து மருத்துவரிடம் கொடுக்கும் படிவம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நமக்குப் படிவம் வேண்டியதில்லை; கோடு போட்ட தாளில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதினால் போதும். இயன்றவரை அந்த நபரே எழுதட்டும். எழுத இயலாதபோது அவரிடம் கேட்டுக் கேட்டு மற்றவர் எழுதட்டும். ஒரு மாதிரி இது:

‘எனக்கு ஆட்டிசம் உள்ளது. வயது 34. பேசுவேன், ஆனால் பதில் சொல்லச் சற்று நேரம் ஆகும், தயவுசெய்து காத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். தொடுவதற்கு முன் எங்கே தொடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வலி இருந்தால் நான் அழமாட்டேன். கையை விடாமல் தட்டிக்கொண்டிருப்பேன். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சீட்டு இணைப்பில் உள்ளது. சொல்வதை எழுதியும் கொடுங்கள்.’

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் அந்தக் குறிப்பிட்ட மனிதரைப் பற்றியதாக இருக்க வேண்டும். இன்னொருவருடைய தாளைப் படியெடுத்தால் பயனில்லை. எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது என்று இந்த முறைக்குரிய தொந்தரவைப் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் வாயில், காத்திருக்கும் கூடம், மருத்துவரின் அறை ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து முதல் நாளே காட்டுவது பலருக்கு உதவுகிறது. நோயாளிகளின் படத்தை மட்டும் எடுக்காதீர்கள். காதை மூடும் ஹெட்போன், பழகிய தின்பண்டம், தண்ணீர், கையில் வைத்து உருட்டும் பொருள் ஏதேனும் இருந்தால் அது என எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த ஆள் பொம்மை வைத்திருக்கிறாரே என்று யாரேனும் பார்த்தால் பார்க்கட்டும்.

வரிசையில் நிற்காமல் முன்னதாக அனுப்பச் சொல்லிக் கேட்பது முறையா?

முறைதான், அது சட்டம் தந்த உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் பட்டியலில் உள்ள 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அதன் 25ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளைக் கவனிப்பதிலும் அவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதிலும் முன்னுரிமை தர வேண்டும் என்றும், அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளும் தடையற்றவையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டியதோடு தடை நீங்கிவிட்டதாக நினைக்கும் நிர்வாகங்களுக்கு, இரைச்சலும் நெரிசலும் தடைகளே என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்கும் முறையில் சிறிது கவனம் வேண்டும். ஓபி சீட்டு போடும் இடத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டி, ‘இவருக்கு ஆட்டிசம் இருக்கிறது, கூட்டத்தில் உட்கார முடியாது, வெளியே மரத்தடியில் இருக்கிறோம், முறை வரும்போது இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்’ என்று சொன்னால், முன்னால் விடுவதற்குத் தயங்கும் ஊழியர் கூட இதற்கு இசைவார். கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களில் மாலையில் டோக்கன் போட்டுப் பார்க்கும் தனியார் மருத்துவர்களிடம் முதல் டோக்கனையோ கடைசி டோக்கனையோ கேட்டு வாங்கலாம். வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான நாட்களிலும், முகூர்த்த நாட்களிலும் பேருந்துகள் நிரம்பி வழியும் என்பதால், அவசரமற்ற பரிசோதனைகளை அந்நாட்களில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

சில நாட்களாகத் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார், சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆட்டிசம் கூடிவிட்டதா?

அப்படி முடிவு கட்டுவதற்கு முன் உடலைப் பாருங்கள் என்பதே இப்பக்கத்தில் உள்ள மிக முக்கியமான அறிவுரை. பழகிய ஒருவரின் நடத்தை திடீரென மாறினால், வேறு காரணம் தெரியும்வரை அதை வலியின் மொழியாகவே கொள்ள வேண்டும். பல் சொத்தை, காதில் சீழ், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, நெஞ்செரிச்சல், மாதவிடாய் வலி, வெளியே தெரியாத வலிப்பு, ஒற்றைத் தலைவலி, அண்மையில் மாற்றிய மாத்திரை என ஒவ்வொன்றையும் பார்த்துக் கழிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வயிறு, குடல் சார்ந்த தொல்லைகளும், வலிப்பும், தூக்கமின்மையும், மனப்பதற்றமும், மனச்சோர்வும் மற்றவர்களை விட அதிகமாகக் காணப்படுகின்றன. கூடவே, உடலுக்குள் நடப்பதை உணரும் புலன் சிலருக்கு வேறுவிதமாக வேலை செய்வதால், பசி எது, குமட்டல் எது, வலி எது என்று அவர்களாலேயே பிரித்தறிய முடிவதில்லை. ‘எங்கே வலிக்கிறது’ என்ற கேள்விக்குப் பதில் வராமல் போவது இதனால்தான். உடம்பின் படத்தை வரைந்து விரலை வைக்கச் சொல்வது, ‘நேற்று இட்லி எத்தனை சாப்பிட்டீர்கள், இன்று எத்தனை’ என்று எண்ணக்கூடியதைக் கேட்பது போன்ற வழிகள் பலன் தருகின்றன.

நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், ஆட்டிசம் என்ற சொல் சீட்டில் ஏறிய உடனே எல்லாத் தொந்தரவையும் அதன் கணக்கில் எழுதிவிட்டு, அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த மாத்திரைகள் தேவைப்படும் இடங்கள் உண்டு. அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ரிஸ்பெரிடோன் போன்றவை பசியையும் எடையையும் கூட்டக்கூடியவை. அவற்றைத் தொடர்ந்து சாப்பிடுபவருக்கு எடையும், ரத்தச் சர்க்கரையும், கொழுப்பும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரத்தம் எடுக்க விடுவதே இல்லை. பலர் சேர்ந்து பிடித்துக்கொண்டு எடுக்கலாமா?

வேண்டாம். ஒரு முறை அப்படிப் பிடித்துவிட்டால், அடுத்த பல ஆண்டுகளுக்கு அவர் மருத்துவமனை வாயிலைக் கூட மிதிக்கமாட்டார். இந்த ரத்தப் பரிசோதனை இப்போது கட்டாயம் தேவைதானா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். தேவையெனில், தோலை மரக்கச் செய்யும் லிடோகேன் கலந்த களிம்பை மருத்துவர் எழுதித் தந்தால், ஊசி போடுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு தடவிக்கொள்ளலாம். முதல் நாள் ஆய்வகத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மட்டும் வரலாம். மறுநாள் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு வரலாம். இது கால விரயமாகத் தோன்றலாம், ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணினால் அவ்வாறு தோன்றாது. பல் மருத்துவத்துக்கும் இதே முறை பொருந்தும். முடியவே முடியாத நிலையில், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும்போது பல், ரத்தம், காது என நிலுவையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே முறையில் முடித்துவிடுமாறு கேட்கலாம்.

மருத்துவர் எங்கள் மகனிடம் எதுவும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் எங்களிடமே கேட்கிறார். அது தவறா?

உங்கள் மகன் எதிரிலேயே அமர்ந்திருக்கும்போது, ‘இவன் சாப்பிடுகிறானா’ என்று அவரைத் தாண்டிக் கேட்பது வருத்தத்துக்குரியது. வாய் பேசாதவரும் காதால் கேட்கிறார், புரிந்துகொள்கிறார் என்று வைத்துக்கொண்டே பேச வேண்டும். சிலர் எழுதிக் காட்டுவார்கள், சிலர் கைப்பேசியில் தட்டச்சு செய்வார்கள், சிலர் படத்தைத் தொட்டுக் காட்டுவார்கள், அவையும் பேச்சே. பெற்றோரான நீங்கள் செய்யக்கூடிய எளிய உதவி, கேள்வி வந்தவுடன் பதில் சொல்லாமல் மகனின் பக்கம் திரும்பிக் காத்திருப்பது.

சட்டநிலையும் தெரிந்திருக்க வேண்டும். 18 வயது நிறைந்த பிறகு, பெற்றோர் என்பதனாலேயே அவருடைய சட்டக் காப்பாளராக நீங்கள் ஆகிவிடுவதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற எல்லாரையும் போல அவருக்கும் சட்டத் தகுதி உண்டு என்றே தொடங்குகிறது. உதவி தேவைப்படும் இடத்தில் அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையை 14ஆம் பிரிவு தருகிறது. ஆட்டிசம் உள்ளிட்ட சில குறைபாடுகள் உள்ளவர்களின் நலனுக்கான 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் நிலைக் குழுவிடமும் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பதற்கு முன், உண்மையிலேயே தேவையா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் தாமே முடிவெடுக்கக்கூடியவர்கள் பலர்.

எங்கள் மகளுக்கு மாதவிடாய்க் காலம் மிகவும் கடினமாக இருக்கிறது. கருப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

சொல்பவர்கள் உறவினர்களாகவே இருந்தாலும் அவசரப்பட்டு இணங்காதீர்கள். மாற்றுத்திறனாளி ஒருவரின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதமின்றி, குழந்தைப்பேற்றுத் திறனை இல்லாமல் ஆக்கும் எந்த மருத்துவச் செய்முறைக்கும் அவரை உட்படுத்தக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு கூறுகிறது. அதிக ரத்தப்போக்குக்கும் வலிக்கும் மருந்துகள் உள்ளன. துணியின் உரசல் பொறுக்காமல் அவர் நாப்கினைக் கழற்றி எறிகிறார் என்றால், மென்மையான பருத்தித் துணி தைத்த உள்ளாடையை மற்ற நாட்களிலேயே அணிந்து பழகச் செய்யலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். வலிப்புக்காகச் சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள், அது கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், திருமணப் பேச்சுக்கு முன்பே மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

நாற்பது வயதில் எனக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று தோன்றுகிறது. இனிமேல் தெரிந்து என்ன பயன்? எங்கே போவது?

மருத்துவரிடம் உங்களை விளக்குவதற்கு ஒரு சொல் கிடைக்கும். இத்தனை காலம் உங்களையே நொந்துகொண்டிருந்த பலவற்றுக்குக் காரணம் விளங்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். இந்தியாவில் சான்றிதழுக்கு ‘ஐசா’ எனப்படும் 40 வினாக்கள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். சிறு வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள் என்பதால், அம்மாவையோ அக்காவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். இயலாவிட்டால் அவர்கள் சொல்வதை எழுதி வாங்கிச் செல்லுங்கள். வெளியில் தெரியாதபடி தம்மை மறைத்து நடக்கப் பழகிய பெண்களுக்கு இந்த மதிப்பீட்டில் குறைவான எண் வரக்கூடும். சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதால் உங்கள் சிரமம் பொய்யாகிவிடாது. குறைபாட்டின் அளவு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என மதிப்பிடப்பட்டால் பெரும்பாலான அரசுச் சலுகைகளுக்கு வழி திறக்கும். தனித்துவ அடையாள அட்டைக்கான விண்ணப்பத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உதவும்.

செலவுக்கு என்ன வழி?

தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. வயது வரம்போ முன் மருத்துவப் பரிசோதனையோ இதற்கு இல்லை. வெளிநோயாளர் செலவும் பயிற்சிச் சிகிச்சைகளும் இதில் அடங்குவது இதன் தனிச்சிறப்பு. அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாகச் சேரலாம். அறுவை சிகிச்சை போன்ற பெரிய செலவுகளுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது.

மருத்துவமனைக்குப் போகாமலே கவனிக்க வழி உண்டா?

ஓரளவு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே பரிசோதனை செய்து மாத்திரை தருகிறார்கள். உங்கள் பகுதிக்கு வரும் ஊழியரிடம் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவையுங்கள். இ-சஞ்சீவனி என்ற அரசுச் சேவையில் மருத்துவரிடம் காணொளி வழியே பேசலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண் உள்ளது, ஆனால் தொலைபேசியில் பேசவே இயலாதவர்களுக்கு அது உதவாது என்பது உண்மை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது?

இதை நம் பகுதியினர் தனியாகவே யோசிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது, பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரமும் போக்குவரத்தும் இல்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான தொடர் வலிப்பு வரலாம். எனவே மழை தொடங்குமுன்னரே, ஒரு மாத மருந்து கூடுதலாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கி, நனையாத டப்பாவில் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நிவாரண முகாமின் இரைச்சலை அவரால் தாங்க முடியாது என்றால், எந்த உறவினர் வீட்டின் மாடிக்குப் போவது என்பதை முன்பே பேசி, ஒருமுறை அழைத்துச் சென்று தங்கவைத்துப் பழக்கிவிடுங்கள்.

குணமாகும் என்று நம்பி, குணசீலம் கோயிலுக்கோ நாகூர் தர்காவுக்கோ அழைத்துச் சென்று தங்கவைக்கலாமா?

வழிபாடு உங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. அது உங்களுக்கு ஆறுதல் தருமானால் போய் வாருங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள், அவர் விரும்பாத இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். மனநோய் உள்ளவர்களை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆட்டிசம் உள்ளவரைக் கொடுமைக்கு உள்ளாக்குவதற்கும் சட்டத்தில் இடமில்லை.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிகிறேன். கூட்டத்துக்கு நடுவே தனியாக என்ன செய்துவிட முடியும்?

பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. உள்ளே வந்தவரிடம் ‘முதலில் பேசுவோம், பிறகு பி.பி. பார்ப்போம், அதோடு முடிந்தது’ என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, சொன்ன வரிசைப்படியே செய்யுங்கள். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். ‘சரியாகச் சாப்பிடுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இந்த வெள்ளை மாத்திரை, இரவு எட்டு மணிக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று’ என்று எழுதிக் கொடுங்கள். தேவையற்ற விளக்கை அணைக்க முடிந்தால் அணையுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் உடம்பை ஆட்டிக்கொண்டோ விரல்களை அசைத்துக்கொண்டோ இருந்தால் அது அவர் தம்மை நிதானப்படுத்திக்கொள்ளும் வழி; தடுக்க வேண்டாம். இவ்வளவுக்கும் செலவு ஏதுமில்லை, ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள் மட்டுமே கூடுதலாக ஆகும்.

கேட்டும் மறுத்துவிட்டால் யாரிடம் முறையிடுவது?

முதலில் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. அவர் யார் என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையெனில், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம். நடந்த நாள், நேரம், கேட்ட வசதி, கிடைத்த பதில் ஆகிய நான்கையும் மனுவில் குறிப்பிடுங்கள். ஆட்டிசம் உள்ளவர் கையொப்பமிடக்கூடியவராக இருந்தால் மனு அவருடைய பெயரிலேயே, அவருடைய கையொப்பத்தோடு போகட்டும்.